மாஸ்கோவில் ககாரினைத் தேடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாஸ்கோ போகிறேன் என்று யாராவது சொன்னால், செஞ்சதுக்கம் பற்றிப் பேசுவதற்கு முன்பே "வேதேன்ஹா ஸ்டேஷனில் இறங்கிப் பாருங்கள்" என்று சொல்லிவிடுவது என் வழக்கம். அப்புறம் கேள்விகள் வரும். அவற்றில் திரும்பத் திரும்ப வந்தவை இங்கே இருக்கின்றன. சோவியத் பதிப்பகங்களின் தமிழ்ப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு விண்வெளிக்குப் போன முதல் மனிதரான யூரி ககாரின் கிட்டத்தட்ட சொந்தக்காரர் மாதிரி. அப்படி வளராதவர்களையும் மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது?

மெட்ரோவின் ஆரஞ்சு நிற வழித்தடத்திலிருந்து. மாஸ்கோவின் விண்வெளி வரலாற்றில் பெரும்பகுதி இந்த ஒரு கோட்டிலேயே கோத்துக் கிடக்கிறது. வடக்கே வேதேன்ஹா ஸ்டேஷனில் விண்வெளி அருங்காட்சியகமும் ராக்கெட் வடிவமைப்பாளர் கொரலியோவின் வீடும், நடுவில் கித்தாய் கோரத் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் செஞ்சதுக்கம், தெற்கே லெனின்ஸ்கி ப்ரஸ்பெக்ட் ஸ்டேஷனில் ககாரின் சிலை. தங்குமிடத்தை இந்தக் கோட்டின் ஓரமாகப் பார்த்துக்கொண்டால் வண்டி மாறும் வேலையே இல்லை.

வேதேன்ஹாவில் வெளியே வந்ததும் வழி கேட்கத் தேவையில்லை. 107 மீட்டர் உயரத்தில், டைட்டானியத் தகடு போர்த்திய ஒரு புகைவால் வளைந்து மேலே போகும். அதன் நுனியில் ஒரு ராக்கெட். 1964-இல் திறந்த நினைவுச்சின்னம் இது. அதன் அடிவாரத்துக்குள்தான் அருங்காட்சியகம் இருக்கிறது. ககாரின் பறந்த இருபதாம் ஆண்டை ஒட்டி 1981 ஏப்ரலில் திறந்தார்கள். முன்னால் கல்லில் உட்கார்ந்திருப்பவர் சியால்கோவ்ஸ்கி. ராக்கெட் எப்படி விண்வெளிக்குப் போகும் என்பதற்கான கணக்கை 1903-லேயே அச்சில் வெளியிட்ட பள்ளி ஆசிரியர். அங்கிருந்து நீளும் நடைபாதையில் ககாரின், தெரஷ்கோவா, லியோனவ், கமரோவ் ஆகிய விண்வெளி வீரர்களின் மார்பளவுச் சிலைகள்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. என்ன செய்ய?

காலையில் அருங்காட்சியகம், மதியம் கொரலியோவ் வீடு, மாலையில் வேதேன்ஹா கண்காட்சிப் பூங்காவுக்குள் ஒரு நடை. செஞ்சதுக்கத்துக்கு எப்படியும் போவீர்கள், அதை இதில் சேர்க்கவில்லை. திங்கட்கிழமையில் மட்டும் இந்தத் திட்டத்தை வைக்காதீர்கள். மாஸ்கோ அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கு அன்றுதான் விடுமுறை. சிறிய நினைவில்லங்களுக்கு விடுமுறை நாள் வேறாக இருக்கலாம், சீரமைப்பு என்று மாதக்கணக்கில் பூட்டியும் கிடக்கலாம். முந்தின நாள் இரவு அவர்களின் இணையதளத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

ரஷ்ய எழுத்து தெரியாதே, சமாளிக்க முடியுமா?

முடியும். அரைமணி நேரம் செலவழித்து எழுத்துகளை மட்டும் கற்றுக்கொண்டால் இன்னும் நன்றாக முடியும். ஆங்கில 'பி' போலத் தெரிவதற்கு அங்கே 'வ' ஒலி. 'சி' போலத் தெரிவது 'ஸ'. 'எச்' போலத் தெரிவது 'ந'. மறுபடி 'பி' என்று வாசிக்கத் தோன்றும் இன்னொன்று உண்டு, சுழி மேலே மட்டும் இருக்கும், அது 'ர'. இது தெரியாமல் போனால் 'கொக்மொக்' என்று ஒரு பெயர்ப்பலகை கண்ணில் படும், 'இதென்ன' என்று கடந்து போய்விடுவீர்கள். அது 'கோஸ்மஸ்', அதாவது விண்வெளி. எழுத்து பிடிபட்டுவிட்டால் ராக்கெட்டின் வயிற்றில் எழுதியிருக்கும் 'வஸ்தோக்', 'சோயுஸ்' போன்ற விண்கலப் பெயர்கள் எல்லாம் தானாக வாசிக்க வரும். அதில் ஒரு சின்னப் பிள்ளைச் சந்தோஷம் இருக்கிறது.

அருங்காட்சியகத்தில் முக்கியமான பொருட்களுக்கு ஆங்கிலக் குறிப்பு இருக்கும், எல்லாவற்றுக்கும் இருக்காது. கேமராவைக் காட்டினால் மொழிபெயர்க்கும் செயலியில் ரஷ்ய மொழியை ஊரிலேயே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே வைத்திருப்பவை அசலா, மாதிரியா?

நல்ல கேள்வி. இதைக் கேட்டுக்கொண்டே சுற்றினால் எந்த அருங்காட்சியகமும் இரண்டு மடங்கு சுவாரசியமாகிவிடும்.

சில பொருட்கள் அசலாக இருக்கவே வாய்ப்பில்லை. உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் 1957 அக்டோபரில் மேலே போய், அடுத்த ஜனவரியில் வளிமண்டலத்தில் எரிந்துபோயிற்று. ஆகவே உலகில் எங்கே பார்த்தாலும் அது மாதிரிதான். நிலவில் ஓடிய லூனகோத் வண்டிகள் இரண்டும் இன்னும் நிலவில்தான் நிற்கின்றன. மீர் விண்வெளி நிலையம் 2001-இல் பசிபிக் கடலில் விழுந்தது. இங்கே நீங்கள் உள்ளே நுழைந்து பார்ப்பது அதன் முழு அளவு மாதிரி. அதற்காக அதை லேசாக நினைக்க வேண்டாம். படுக்கை என்று சொல்லும் அந்த அலமாரியையும் கழிப்பறையையும் பார்த்தபிறகு, மாதக்கணக்கில் அதற்குள் இருந்தவர்கள் மேல் வேறு மாதிரி மரியாதை வரும்.

அசலை அடையாளம் காண ஒரு சுருக்குவழி: கருகியிருக்கிறதா என்று பாருங்கள். பூமிக்குத் திரும்பிய கலத்தின் வெளித்தோல் வெந்து, உரிந்து, ஒரு பக்கம் மட்டும் அதிகமாகத் தீய்ந்திருக்கும். வர்ணம் பளபளவென்று இருந்தால் அது பெரும்பாலும் மாதிரி, இல்லை பறக்காமல் போன இருப்புக் கலம். சோயுஸ் இறங்குகலம் ஒன்றின் பக்கத்தில் நின்று, உள்ளே மூன்று பேர் முழங்காலை மடக்கி எப்படிப் படுத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆட்டோவில் மூன்று பேர் உட்காருவதே தாராளம் என்று தோன்றும்.

ககாரின் வந்த வஸ்தோக் கலம் எங்கே என்று எல்லோரும் தேடுவார்கள். அதன் வழக்கமான இருப்பிடம் மாஸ்கோவை ஒட்டிய கொரலியோவ் என்ற ஊரில், அதைத் தயாரித்த எனர்கியா நிறுவனத்தின் அருங்காட்சியகம். அங்கே முன்கூட்டியே ஏற்பாடு செய்யாமல் போக முடியாது. அதைப் பார்க்கக் கிடைத்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: 1961 ஏப்ரல் 12 அன்று 108 நிமிடப் பயணத்தின் முடிவில் அந்த உருண்டைக்குள் ககாரின் தரையிறங்கவில்லை. சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கையோடு வெளியே வீசப்பட்டு, தனி பாராசூட்டில் வந்தார். அப்படித்தான் திட்டமே. ஆனால் விமானி கலத்துக்குள்ளேயே இறங்கினால்தான் சாதனையாகக் கணக்கு என்று அப்போது ஒரு சர்வதேச விதி இருந்ததால், பத்து ஆண்டுகள் போல இதை வெளியே சொல்லாமல் மூடி வைத்திருந்தார்கள்.

கண்ணாடிக்குள் நிற்கும் நாய் லைக்காதானே?

இல்லை. இந்தக் குழப்பம் ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. பூமியைச் சுற்றிய முதல் நாயான லைக்கா 1957 நவம்பர் 3 அன்று போனது. திரும்பி வரும் ஏற்பாடே அந்தக் கலத்தில் கிடையாது. ஏறிய சில மணி நேரத்திலேயே வெப்பம் தாங்காமல் இறந்துவிட்டது என்ற உண்மை 2002-இல்தான் வெளியே வந்தது.

நீங்கள் பார்ப்பது பெல்காவும் ஸ்திரெல்காவும். 1960 ஆகஸ்டில் ஒரு நாளுக்கு மேல் பூமியைச் சுற்றி உயிரோடு திரும்பிய ஜோடி. வயதாகி இறந்தபிறகு பதப்படுத்தி வைத்திருக்கிறார்கள். ஆகவே இவை மாதிரி இல்லை, அசல். ஸ்திரெல்கா பிற்பாடு ஆறு குட்டி போட்டது. அதில் புஷின்கா என்ற ஒன்றைச் சோவியத் தலைவர் குருஷேவ் 1961-இல் கென்னடி குடும்பத்துக்குப் பரிசாக அனுப்பினார். பனிப்போரின் உச்சத்தில் நாய்க்குட்டி கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்!

பூங்காவில் நிற்கும் புரான் விண்வெளிக்குப் போய் வந்ததா?

போகவில்லை. புரான் என்பது சோவியத் விண்வெளி ஓடம், இங்கே நிற்பது சோதனைகளுக்காகச் செய்த உடற்கூடு. பல ஆண்டுகள் கோர்க்கி பூங்காவில் வேடிக்கைப் பொருளாக நின்றது, 2014-இல் இங்கே கொண்டுவந்தார்கள். உண்மையில் பறந்த புரான் 1988 நவம்பர் 15 அன்று ஆளில்லாமல் இரண்டு சுற்று சுற்றி, தானாகவே ஓடுபாதையில் வந்து இறங்கியது. அதோடு சரி, அடுத்த பயணமே இல்லை. 2002-இல் பைக்கனூர் ஏவுதளத்தில் கொட்டகைக் கூரை இடிந்து விழுந்து அதுவும் நொறுங்கிப்போனது.

அதற்குப் பக்கத்தில் வஸ்தோக் ராக்கெட்டின் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது, அதன் பின்னால் குவிமாடம் வைத்த 'கோஸ்மஸ்' கட்டடம். சோவியத் யூனியன் கலைந்த பிறகு கண்காட்சி இழுத்து மூடப்பட்டு, அந்தக் குவிமாடத்தின் கீழே தோட்டத்துக்கு விதையும் செடியும் விற்றார்கள். 2018 ஏப்ரலில் புதுப்பித்துத் திறந்தார்கள். பூங்காவின் நுழைவாயிலிலிருந்து நல்ல நடை இருக்கிறது. செருப்பைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

கொரலியோவ் வீடு என்று சொல்கிறீர்களே, ஒரு வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது?

ராக்கெட் எதுவும் இல்லை. என்னைக் கேட்டால், நேரம் குறைந்தால் பூங்காவை விட்டுவிடலாம், இந்த வீட்டை விடக்கூடாது.

ஸ்புட்னிக்கையும் ககாரினையும் மேலே அனுப்பியவர் செர்கேய் கொரலியோவ். ஆனால் அவர் உயிரோடு இருந்தவரை இதைச் செய்தவர் என்று பத்திரிகைகளில் அவர் பெயர் வந்ததில்லை. 'தலைமை வடிவமைப்பாளர்' என்று மட்டும் எழுதுவார்கள். 1966 ஜனவரியில் அறுவைச் சிகிச்சையின்போது இறந்தார், அதன் பிறகுதான் நாட்டுக்கே பெயர் தெரிந்தது. அதற்கு இருபத்தெட்டு ஆண்டுகள் முன்னால், 1938-இல், அதே அரசாங்கம் பொய்க் குற்றச்சாட்டில் அவரைக் கைது செய்து, சைபீரியாவின் தூரக் கிழக்கில் கொலிமா தங்கச் சுரங்க முகாமுக்கு அனுப்பியிருந்தது. பல் விழுந்து, தாடை உடைந்து திரும்பியவர்தான் பிற்பாடு ஸ்புட்னிக் செய்தார்.

அந்த மனிதருக்கு அரசாங்கம் பரிசாகக் கட்டிக்கொடுத்த மாடி வீடு இது. 1959 முதல் கடைசி வரை இங்கேதான் இருந்தார். அவர் மனைவி நீனா காப்பாற்றி வைத்திருந்த பொருட்களோடு 1975-இல் நினைவில்லமாக்கினார்கள். மேசை, புத்தக அலமாரி, மாடிப்படி. சாதாரணமான வீடுதான், ஆனால் பக்கத்து அருங்காட்சியகத்தில் டைட்டானியத்தையும் பளிங்கையும் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு அந்தச் சாதாரணம்தான் உறைக்கும். காலையில் அங்கே, மதியம் இங்கே என்று நான் வரிசை போட்டதற்குக் காரணம் அதுதான்.

சுற்றியுள்ள தெருப் பெயர்களையும் வாசித்துக்கொண்டே நடங்கள்: கொரலியோவ் தெரு, விண்வெளி வீரர்கள் தெரு, ராக்கெட் சாலை, கிபால்சிச் தெரு. கிபால்சிச் யார் என்று பலருக்குத் தெரியாது. 1881-இல் ஜார் மன்னர் இரண்டாம் அலெக்சாந்தரைக் கொன்ற சதியில் வெடிகுண்டு செய்தவர். தூக்குக்குக் காத்திருந்த நாட்களில் சிறையில் உட்கார்ந்து, ராக்கெட் விசையால் மனிதன் பறக்கும் கருவி ஒன்றை வரைந்து கொடுத்தார். அதிகாரிகள் அதைக் கோப்பில் போட்டுக் கட்டிவிட்டார்கள்.

செஞ்சதுக்கத்தில் ககாரின் கல்லறையைப் பார்க்க முடியுமா?

கல்லறை என்பதை விட ஒரு பெயர்ப்பலகை என்று சொல்லலாம். 1968 மார்ச் 27 அன்று பயிற்சி விமானம் விழுந்து இறந்தார். அஸ்தி கிரெம்ளின் சுவருக்குள் இருக்கிறது. கொரலியோவும் அதே சுவரில்தான். 1967-இல் சோயுஸ் 1-இன் பாராசூட் விரியாமல் இறந்த கமரோவ், 1971-இல் சோயுஸ் 11-இல் காற்று வெளியேறி இறந்த தப்ரவோல்ஸ்கி, வோல்கவ், பத்சாயெவ் மூவரும் இங்கேதான். மூன்று பேர் நெருக்கி உட்கார வேண்டியிருந்ததால் அந்தக் கலத்தில் விண்வெளி உடை போட இடமில்லை. அந்தச் சாவுக்குப் பிறகுதான் உடை கட்டாயமானது.

லெனின் நினைவிடத்துக்குப் பார்வையாளர்களை விடும் நேரத்தில் மட்டுமே சுவரை ஒட்டி நடக்க விடுவார்கள். அணிவகுப்பு, விழா, சீரமைப்பு என்று அடிக்கடி அடைத்துவிடுவதால் இதை நம்பி ஒரு நாளை ஒதுக்க வேண்டாம். பூ வைக்க ஆசைப்பட்டால் இரட்டைப்படையில் வாங்குங்கள். ரஷ்யாவில் ஒற்றைப்படை உயிரோடு இருப்பவர்களுக்கு, இரட்டைப்படை இறந்தவர்களுக்கு. பூக்காரம்மாவே கேட்டுவிடுவார்.

லெனின்ஸ்கி ப்ரஸ்பெக்ட்டில் இருக்கும் சிலைக்காக அவ்வளவு தூரம் போகலாமா?

போகிற வழியென்றால் போங்கள். 1980-இல் வைத்தது, பீடத்தோடு 42.5 மீட்டர், முழுக்க டைட்டானியம். இரண்டு கையையும் பக்கவாட்டில் விறைத்துக்கொண்டு ககாரின் கிளம்பத் தயாராக நிற்பார். மாலை வெயில் பட்டால் படம் நன்றாக வரும். மற்றபடி அது ஒரு பெரிய போக்குவரத்துச் சந்திப்பு, பத்து நிமிடத்துக்கு மேல் வேலையில்லை.

விண்வெளி வீரர்கள் பயிற்சி பெறும் நட்சத்திர நகரத்துக்குள் விடுவார்களா?

முன் அனுமதி இருந்தால். இல்லாமல் வாசலில் போய் நின்றால் திரும்பி வரவேண்டியதுதான். மாஸ்கோவுக்கு வடகிழக்கே, யாரஸ்லாவ்ஸ்கி ரயில் நிலையத்திலிருந்து மின்ரயிலில் போகும் தூரம். இறங்கும் இடத்தின் பெயரே சியால்கோவ்ஸ்கயா. வெளிநாட்டவர் பாஸ்போர்ட் விவரங்களை வெகு முன்பே அனுப்பி வைக்க வேண்டும், அதனால் சுற்றுலா ஏற்பாட்டாளர் மூலம் போவதே நடைமுறை. விசா கைக்கு வந்த உடனேயே இதைக் கேட்கத் தொடங்குங்கள்.

உள்ளே 18 மீட்டர் கை கொண்ட சுழலி, எடையின்மைக்குப் பழக நீச்சல்குளம் போன்ற ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி, ககாரின் விட்டுச் சென்றபடியே வைத்திருக்கும் அவர் அலுவலக அறை எல்லாம் இருக்கின்றன. இந்தியர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1984 ஏப்ரல் 3 அன்று சோயுஸ் டி-11-இல் பறந்த ராகேஷ் சர்மாவும், அவருக்கு மாற்றாகத் தயாராக இருந்த ரவீஷ் மல்ஹோத்ராவும் இங்கேதான் பயிற்சி எடுத்தார்கள். ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நால்வரும் 2020, 2021-இல் இங்கே வந்து போனார்கள். அதில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர்.

அப்படியே பைக்கனூரையும் பார்த்துவிட்டு வரலாமா?

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பைக்கனூர் கஜகஸ்தானில் இருக்கிறது, மாஸ்கோவிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் மேல். ஏவுதளத்தை ரஷ்யா குத்தகைக்கு எடுத்திருப்பதால் தனி அனுமதி வேறு. அது தனிப் பயணம்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் கலூகா போங்கள். கீவ்ஸ்கி நிலையத்திலிருந்து ரயில் இருக்கிறது. சியால்கோவ்ஸ்கி வாழ்ந்த ஊர், சிறுவயதிலேயே காது கேட்கும் திறன் பெரிதும் போன அந்த ஆசிரியரின் மரவீடு அப்படியே இருக்கிறது. அங்குள்ள விண்வெளி அருங்காட்சியகத்துக்கு 1961-இல் அடிக்கல் வைத்தவர் ககாரின். 1967-இல் அது திறந்தது, மாஸ்கோ அருங்காட்சியகத்துக்குப் பதினான்கு ஆண்டுகள் மூத்தது.

பணம், டிக்கெட் எல்லாம் எப்படி?

இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வெளிநாட்டு வங்கிகள் கொடுத்த விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச் முதல் ரஷ்யாவில் வேலை செய்வதில்லை. ஏடிஎம்மிலும் வராது. டாலரோ யூரோவோ ரொக்கமாகக் கொண்டுபோய் வங்கியில் ரூபிளாக மாற்றிக்கொள்ளுங்கள். கிழிந்த, கிறுக்கிய நோட்டை வாங்க மாட்டார்கள். இணையத்தில் டிக்கெட் எடுப்பதற்கும் உள்ளூர் அட்டை வேண்டியிருக்கும் என்பதால் கவுண்டரில் ரொக்கம் கொடுத்து வாங்குவதுதான் எளிது. மெட்ரோவுக்கு 'த்ரோய்கா' அட்டை வாங்கி அதில் பணம் போட்டுக்கொள்ளலாம். இந்தியா உட்பட பல நாட்டவருக்கு மின்விசா உண்டு. எத்தனை நாள் தங்கலாம் என்பது மாறிவருவதால் விண்ணப்பிக்கும்போது பாருங்கள். உங்கள் நாட்டு அரசு ரஷ்யப் பயணம் பற்றி என்ன அறிவுரை சொல்லியிருக்கிறது என்பதையும் அப்போதே வாசித்துவிடுங்கள்.

செல்போன் வரைபடத்தை நம்பலாமா?

கிரெம்ளின் பக்கத்தில் நம்ப வேண்டாம். அங்கே ஜிபிஎஸ் சமிக்ஞையைக் குழப்பிவிடுவதால், செஞ்சதுக்கத்தில் நிற்கும் உங்களை விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டும். மொபைல் இணையமும் சில நேரம் போய்விடும். இணையமில்லாமல் ஓடும் வரைபடத்தை இறக்கிக்கொள்ளுங்கள், ஸ்டேஷன் பெயர்களை ஒரு தாளில் எழுதியும் வையுங்கள். டிரோன் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

எந்த மாதம் நல்லது?

மே முதல் செப்டம்பர் வரை. டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும், சிலைப் பாதையில் நின்று பெயர் வாசிக்கக் கை உறையும். ஏப்ரல் 12 விண்வெளி தினம். அன்று கூட்டம் பிடித்தவர்கள் போகலாம். நான் அதற்கு அடுத்த நாள் போகச் சொல்வேன், சிலைகளின் அடியில் முந்தின நாள் வைத்த பூக்கள் இருக்கும்.

நினைவுக்கு என்ன வாங்கிவரலாம்?

சோவியத் காலத்து விண்வெளி பேட்ஜ்கள். சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னஞ்சிறு தகடுகள், மலிவானவை, ஆயிரம் வகை உண்டு. இஸ்மாய்லவோ சந்தையில் பேரம் பேசி வாங்கலாம். அதே மேசையில் பழைய அரசுப் பதக்கங்களையும் நீட்டுவார்கள். அவற்றைத் தொடாதீர்கள், அரசு விருதுகளை விற்பதும் வாங்குவதும் அங்கே குற்றம். அருங்காட்சியகக் கடையில் பற்பசைக் குழாய் போன்ற குழாயில் விண்வெளி உணவு கிடைக்கும். குழந்தைகள் கேட்டால் ஒன்று வாங்குங்கள், இரண்டாவது கேட்க மாட்டார்கள்.